ஒரு சொட்டில் ஒன்றரைக் கோடித் துளி! பிரிண்டர் ஹெட் ஏன் அடைக்கிறது தெரியுமா?

கோடை விடுமுறை முழுக்கத் துணி போர்த்திக் கிடந்த பிரிண்டரை, ஜூனில் பள்ளி திறந்ததும் எழுப்புகிறோம். பிள்ளைக்கு நாளைக் காலையிலேயே ப்ராஜெக்ட் வேண்டும். பொத்தானை அமுக்கினால் பக்கம் முழுக்க வெள்ளைக் கோடு! எழுத்து பாதி வருகிறது, பாதி வரவில்லை. "ஹெட் போச்சு" என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடுகிறது. அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் ஹெட் போயிருக்காது, காய்ந்துபோய்க் கிடக்கும், அவ்வளவுதான். அது ஏன் காய்கிறது, எப்படி எழுப்புவது என்று கிளறப் போனால் அட்லாண்டிக் கடலடிக் கேபிள், இதயத் துடிப்பு, விண்வெளி நிலையம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது இந்தக் கதை!

முதலில் அந்த ஹெட் எவ்வளவு நுணுக்கமானது என்று தெரியுமா? வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் அடிக்கடி கண்ணில் படும் எப்சன் எல்3110 மாடலையே எடுத்துக்கொள்வோம். கறுப்புக்கு 180 நாசில். நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றுக்கும் தலா 59. ஆக 357 துளைகள். அதிலிருந்து விழும் மிகச்சிறிய துளியின் அளவு 3 பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஒரு பிகோலிட்டர்! கணக்குப் போட்டால் அந்தத் துளியின் குறுக்களவு ஏறத்தாழ 18 மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு முடியின் அகலத்தில் நான்கு துளிகள் வரிசையாக உட்காரலாம்.

கண்ணுக்கு மருந்து விடுகிறோமே, அந்த ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. அதற்குள் இப்படிப்பட்ட துளிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல்! 65 மில்லி மை பாட்டில் ஒன்றைத் தொட்டியில் ஊற்றுகிறீர்கள் என்றால் 2,000 கோடிக்கும் அதிகமான துளிகளை ஊற்றுகிறீர்கள். இத்தனையும் அந்தச் சின்னஞ்சிறு துளைகள் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். இவ்வளவு நுண்ணிய துளை அடைக்கிறதே என்று வருத்தப்படுவதா, அடைக்காமல் இத்தனை நாள் ஓடியதே என்று ஆச்சரியப்படுவதா?

மையைத் தெறிக்க வைத்து எழுதும் யோசனை எவ்வளவு பழையது தெரியுமா? 1867! கடலடிக் கேபிள் வழியாக வரும் தந்தி மின்சாரம் மிகவும் பலவீனமாக இருக்கும். பேனா முனை தாளில் உரசினாலே அந்தச் சிறு விசை தோற்றுவிடும். பின்னாளில் லார்ட் கெல்வின் ஆன வில்லியம் தாம்சன் ஒரு வழி கண்டார். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய், அதிலுள்ள மைக்கு நிலைமின்சாரம். முனை தாளைத் தொடவே தொடாது, மை மட்டும் தானாகப் பாய்ந்து தாளில் விழும். சைஃபன் ரெக்கார்டர் என்ற அந்தக் கருவிதான் இன்றைய பிரிண்டருக்குக் கொள்ளுத் தாத்தா.

அடுத்து வருகிறவர் இன்னும் அதிசயமான ஆள். ஸ்வீடனைச் சேர்ந்த ரூனே எல்ம்குவிஸ்ட். இதயத் துடிப்பின் அலையைத் தாளில் வரைய, மையைப் பீய்ச்சும் கருவி ஒன்றைச் செய்து 1951-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே மனிதர்தான் 1958-இல், உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கரையும் வடிவமைத்தார்! அதைப் பொருத்திய அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங். பெற்றுக்கொண்டவர் ஆர்னே லார்சன். அந்த நோயாளி அதன் பிறகு எத்தனையோ பேஸ்மேக்கர் மாற்றி, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். வடிவமைத்தவர், பொருத்தியவர் இருவருக்கும் பின்னால்தான் அவர் போனார். உங்கள் மேஜையில் கோடு போட்டு அடம்பிடிக்கும் பெட்டிக்கு இப்படியொரு சொந்தக்காரர்!

பால் பாக்கெட்டிலும் தண்ணீர் பாட்டிலிலும் புள்ளி புள்ளியாகத் தேதி அடித்திருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதுவும் இங்க்ஜெட்தான், ஆனால் வேறு ஜாதி. 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் உருவாக்கிய முறை அதற்கு அடிப்படை. மை நிற்காமல் பாய்ந்துகொண்டே இருக்கும். துளிகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, வேண்டியதைப் பொருளின் மேல் திருப்பிவிட்டு, வேண்டாததைப் பிடித்துத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பிவிடுவார்கள். அதே உத்தியை 1965-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் ரத்த அணுக்களை இனம் பிரிக்கப் பயன்படுத்தினார் என்பது தெரியுமா? ஆய்வகங்களில் செல்களைத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு விதை போட்டது அச்சு மைதான்!

இதில் நமக்கு வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. அந்தத் தொழிற்சாலை இயந்திரத்தில் மை ஓயாமல் ஓடுகிறது. நம் வீட்டு இயந்திரத்தில் கேட்டால்தான் துளி வரும், கேட்காத நேரமெல்லாம் மை துளையின் வாயில் சும்மா நிற்கிறது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

கேட்டவுடன் துளியைத் துரத்துவது எப்படி? இரண்டு வழி. 1977-இல் கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டுவிட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டு அடித்தது! அதுவே பபிள் ஜெட் ஆனது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெச்பி ஆய்வகத்தின் ஜான் வாட், காபி பெர்கொலேட்டரில் கொதிநீர் மேலெழும் விதத்தை மனதில் வைத்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1984-இல் வந்த ஹெச்பி திங்க்ஜெட்டில் நாசில்கள் வெறும் 12. எண்டோவின் சிரிஞ்சை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சிரிஞ்சில் பிறந்த தொழில்நுட்பத்துக்கு இன்றைக்கும் ரீஃபில் கடையில் சிரிஞ்சால்தான் சேவை நடக்கிறது.

இந்த வகை ஹெட்டில் ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு குட்டி ஹீட்டர். சில மைக்ரோ நொடிகளில் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, மையில் ஒரு நீராவிக் குமிழி எழும்பி, துளியை வெளியே தள்ளும். சூடு என்றால் அடிப்பிடிக்க வேண்டுமே? அடிப்பிடிக்கத்தான் செய்கிறது! பால் பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி ஹீட்டர் மேல் மைக்கசடு படிந்து, துளி நாளடைவில் மெலிந்துபோகும். மை இல்லாமல் வெறும் ஹீட்டரைச் சுட வைத்தால் அது கருகியே போகும்.

எப்சன் வழி வேறு. சூடே கிடையாது. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகம் ஒன்று மை அறையின் சுவரை உந்தும், துளி தெறிக்கும். மின்சாரத்துக்கும் படிக அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவை 1880-இல் கண்டவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். மேரி கியூரியின் கணவர்தான் அந்தப் பியர்!

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பர்ஸைத் தொடும் விஷயம். சாதாரண ஹெச்பி டெஸ்க்ஜெட்டுகளிலும் பல கேனன் மாடல்களிலும் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது. அடைத்துத் தொலைந்தால் புது கார்ட்ரிட்ஜ் போட்டால் புது ஹெட். எப்சனில் ஹெட் இயந்திரத்தின் நிரந்தர உறுப்பு. அதை மாற்றும் செலவைக் கேட்டால் புது பிரிண்டரே வாங்கிவிடலாமா என்று தோன்றும். கேனன் ஜி வரிசை, ஹெச்பி ஸ்மார்ட் டேங்க் போன்றவை நடுவாந்தரம். தொட்டி தனி, ஹெட்டைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் எந்த வைத்தியத்திலும் இறங்காதீர்கள்.

சரி, மை எப்படிக் காய்கிறது? மையில் பெரும்பங்கு தண்ணீர்தான். கூடவே சாயம் அல்லது பிக்மென்ட், சீக்கிரம் உலராமல் தடுக்க கிளிசரின், கிளைக்கால் வகைத் திரவங்கள். துளையின் வாயில் காற்றுப் பட்டதும் முதலில் தண்ணீர் ஓடிவிடும். மிஞ்சிய கூழ் ஒரு மூடியாக நின்றுகொள்ளும். மூடப்படாத நாசிலில் இது நொடிக்கணக்கிலேயே தொடங்கிவிடும் என்றால் நம்புவீர்களா? அதனால்தான் அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே ஹெட் அவ்வப்போது ஓரத்துக்குப் போய், வேலையில்லாத நாசில்களையும் சேர்த்துத் துப்ப வைத்துவிட்டு வருகிறது. "டக்"கென்று ஓரத்தில் ஒரு சத்தம் கேட்குமே, கவனித்திருக்கிறீர்களா?

மேல் மூடியைத் திறந்து வலது ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் ஹெட் ஓய்வெடுக்கும் இடம் அது. கீழே ரப்பர் விளிம்போடு ஒரு சின்னத் தொட்டில், அதற்குள் ஸ்பாஞ்ச். ஹெட் வந்து நின்றதும் இந்தத் தொட்டில் மேலெழுந்து நாசில்களைக் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்ளும். பக்கத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் துண்டுதான் வைப்பர். ஹெட் கிளீனிங் கொடுத்தால் தொட்டிலுக்குக் கீழுள்ள பம்ப் நாசில் வழியாக மையை உறிஞ்சும், வைப்பர் துடைக்கும், உறிஞ்சிய மை குழாய் வழியாக அடியிலுள்ள வேஸ்ட் இங்க் பேடுக்குப் போகும். இப்போது அந்த ரப்பர் விளிம்பை உற்றுப் பாருங்கள். மைப்பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறதா? தூசி, நூல், பூனை முடி ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் பத்துத் தடவை கிளீனிங் கொடுத்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. விளிம்பு சரியாகக் கவ்வாவிட்டால் ஓய்விலும் மை காயும், உறிஞ்சும்போது மைக்குப் பதில் காற்றுதான் வரும். பழியெல்லாம் ஹெட் மேல், குற்றவாளி மூடி!

அந்த மூடிக்குள் ஹெட் போய் உட்கார வேண்டுமானால் பிரிண்டரின் சொந்தப் பவர் பொத்தானால் அணைக்க வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சைப் பட்டென்று தட்டி அணைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஹெட் நடுவழியில் நின்றுபோனால் திறந்த வாயோடு இரவு முழுக்கக் காயும். அச்சடிக்கும்போது கரண்ட் போனாலும் இதே கதி. வந்ததும் ஒருமுறை போட்டு முறையாக அணைத்துவிடுங்கள்.

இனி நோயைக் கண்டுபிடிக்கும் வித்தை. நாசில் செக் என்று ஒரு பக்கம் எடுப்போமே, அதில் படிப்படியாக இறங்கும் சின்னக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு நாசில் பேசும் பேச்சு. கோடு விட்டுப்போன இடத்தில் நாசில் ஊமை. ஒரே தாளோடு நிறுத்தாதீர்கள், கிளீனிங்குக்குப் பிறகு இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதே இடத்தில் அதே இடைவெளி என்றால் மை காய்ந்த அடைப்பு. இடைவெளி இடம் மாறி மாறி வந்தால்? அது அடைப்பே இல்லை, குழாயில் காற்று! இதற்கு மேலும் மேலும் கிளீனிங் கொடுப்பது வீண். ஒரு நிறம் முழுசாகவே காணவில்லை என்றால் முதலில் தொட்டியைப் பாருங்கள், மை கீழ்க்கோட்டுக்கு அடியில் போயிருக்கலாம். எல்100, எல்200 காலத்து எப்சன்களில் பக்கவாட்டில் டிரான்ஸ்போர்ட் லாக் என்று ஒரு திருகு உண்டு. வீடு மாறியபோது மூடியதைத் திறக்க மறந்தால் மையே வராது. புது கார்ட்ரிட்ஜில் காற்றுத் துளையை மூடியிருக்கும் பட்டையைக் கிழிக்காமல் செருகியவர்களும் உண்டு.

மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் தெரியுமா? மொபைல் திரையில் முழு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த நீல ஒளியைத் தாள் மேல் காட்டுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடும் என்பதால் கோடுகள் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும்!

நாசில் செக் எடுக்காமல் படத்தைப் பார்த்தே சொல்லிவிடவும் முடியும். சிவப்பு என்பது பிரிண்டருக்கு மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது. கல்யாண ஃபோட்டோவில் குங்குமமும் அரக்குப் பட்டும் மஞ்சளாக வந்தால் மெஜந்தா அடைத்திருக்கிறது. வாழையிலை நீலமாக வந்தால் மஞ்சள், மஞ்சளாக வந்தால் நீலம். எழுத்து இரட்டையாகவோ நெளிந்தோ தெரிந்தால் அது அலைன்மென்ட் கோளாறு, கிளீனிங் அதைச் சரி செய்யாது.

இப்போது சிகிச்சை. இதில்தான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். கிளீனிங், நாசில் செக், மறுபடி கிளீனிங். இரண்டு மூன்று முறைக்குச் சரியாகவில்லையா? நிறுத்துங்கள். எப்சனே தன் டேங்க் பிரிண்டர்களுக்கு என்ன சொல்கிறது தெரியுமா? மூன்று முறைக்கும் மசியாவிட்டால் அச்சடிக்காமல் குறைந்தது 12 மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு பார் என்கிறது! காரணம் எளிது. கிளீனிங் புது மையை அடைப்புக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அந்த ஈரத்தில் காய்ந்த கூழ் ஊறிக் கரைய நேரம் வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால்தான் பவர் கிளீனிங். அது மையை ஏகமாகக் குடிக்கும், தொட்டியில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் தொட வேண்டும்.

கார்ட்ரிட்ஜோடு ஹெட் உள்ள வகை என்றால் இன்னும் சுலபம். பஞ்சிழை விடாத சுத்தமான துணியை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, கார்ட்ரிட்ஜின் நாசில் பக்கத்தை அதன் மேல் ஓரிரு நிமிடம் ஒற்றி வையுங்கள். மை துணியில் பட்டையாக இறங்கினால் வேலை முடிந்தது. செம்பு நிறத் தகடுகளை விரலால் தொடாதீர்கள். எப்சன் வகையில் அந்த ரப்பர் தொட்டிலில் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, விளிம்பையும் வைப்பரையும் துடைத்து, ஹெட்டை அதன் மேல் ஓர் இரவு நிற்க விட்டால் பல நாள் அடைப்பும் இளகும்.

போர்த் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்பு புது அடைப்பாகிவிடும். குண்டூசியால் குத்துவது, சானிடைசர் ஊற்றுவது, சிரிஞ்சை மாட்டி வலுவாக அழுத்துவது, இவையெல்லாம் ஹெட்டைக் கொல்லும் வழிகள். விலை குறைவு என்று ஏதோ ஒரு மையை ஏற்கெனவே உள்ள மையோடு கலப்பதும் அப்படித்தான். பிக்மென்ட் மையும் சாய மையும் ஒன்றோடொன்று சேராமல் உள்ளேயே திரிந்து கட்டியானால் எந்தத் தண்ணீருக்கும் கரையாது.

உறிஞ்சிய மையெல்லாம் பேடுக்குப் போகிறது என்றேனே, அதற்கும் ஒரு நாள் வயிறு நிரம்பும். எவ்வளவு மை போயிற்று என்று பிரிண்டர் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, எல்லை வந்ததும் விளக்குகளைச் சிமிட்டி வேலைநிறுத்தம் செய்துவிடும். ரீசெட் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம் என்பார்கள். அது எண்ணிக்கையைத்தான் பூஜ்யமாக்கும், பேடில் தேங்கிய மையை ஒன்றும் செய்யாது. பேடை மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்தால் ஒரு நாள் மேஜைவிரிப்பில் மை ஓடும். புது மாடல்கள் பலவற்றில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று கழற்றி மாற்றும் பெட்டியாகவே வந்துவிட்டது, நல்ல ஏற்பாடு.

இந்தக் கழிவு மைத் தலைவலி விண்வெளி வரை போயிருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? 2018-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஹெச்பி என்வி பிரிண்டர் ஒன்றை அனுப்பினார்கள். எடையற்ற இடத்தில் துப்பிய மை கீழே தங்காதே! அதைச் சிதறாமல் பிடித்து வைக்கத் தனியாக மாற்றம் செய்துதான் அனுப்ப வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலாண்ட் 2000-களின் தொடக்கத்திலேயே சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரைத் திருத்தி, மைக்குப் பதில் உயிருள்ள செல்களை அச்சடித்துக் காட்டினார்!

நம் மேஜைக்கு வருவோம். வாரத்துக்கு ஒரு முறை நாலு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடித்தாலே அடைப்பு பெரும்பாலும் அண்டாது. அதற்குப் போகும் மை, ஒரு கிளீனிங் குடிப்பதைவிட மிகக் குறைவு. ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேராகப் படும் இடத்திலிருந்து பிரிண்டரைத் தள்ளி வையுங்கள். மாதத்துக்குப் பத்துப் பக்கம், அதுவும் கறுப்பு மட்டும் என்றால், என்னைக் கேட்டால் உங்களுக்கு இங்க்ஜெட்டே வேண்டாம், கறுப்பு லேசர் வாங்கிவிடுங்கள். டோனர் வெறும் பொடி, அது காய்வதற்கு ஒன்றுமில்லை. கலர் இல்லாமல் முடியாது என்பவர்கள், பிரிண்டரைக் கடைக்குத் தூக்கும் முன் இன்றிரவு மூன்றாவது கிளீனிங்கோடு நிறுத்திக்கொண்டு, பவர் பொத்தானால் அணைத்துவிட்டுத் தூங்குங்கள். நாளைக் காலை காபிக்குப் பிறகு ஒரு நாசில் செக் எடுத்துப் பாருங்கள்.